வெட்டும் பூச்சும்

பினாங்கில் போன்சாய் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், உரமும் மண்ணும் பேசி முடித்த பிறகு பேச்சு களிம்பில் வந்து நிற்கும். கிளையை வெட்டிய இடத்தில் எதையாவது பூச வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? பூச வேண்டும் என்பவர் ஜப்பானிலிருந்து வரும் டாப்ஜின் பசையைக் காட்டுவார். பூஞ்சைக்கொல்லி கலந்த ஆரஞ்சு நிறப் பசை அது, விலையும் கொஞ்சம் அதிகம். கையில் காசு குறைந்தவர் மர வேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவுவார், ஒட்டுக்கட்டும் மெழுகை அப்புவார். சின்ன வெட்டுக்கு வீட்டிலிருக்கும் நகப்பூச்சே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு கட்சி எதையும் பூசாது. காட்டில் காற்று கிளையை முறித்தால் யார் வந்து பசை தடவுகிறார்கள் என்று கேட்கும். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் விவாதத்தில் வென்றுவிட்டதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு. காட்டு மரத்தைத் தொட்டியில் அடைத்து, ஆணிவேரை நறுக்கி, கம்பி சுற்றி வளைப்பதும் யாரும் காட்டில் செய்வதில்லை என்பது மட்டும் அப்போது ஞாபகத்துக்கு வராது.

இந்தச் சண்டை பினாங்கில் தொடங்கியதல்ல, போன்சாயில் தொடங்கியதும் அல்ல. முருங்கைப் போத்தை நட்டுவிட்டு அதன் தலையில் ஒரு உருண்டை சாணியை அப்பிவைப்பது நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பழக்கம். கடல் தாண்டி வந்தபோது முருங்கையோடு சாணியும் வந்தது. சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் சுரபாலரின் விருட்சாயுர்வேதம் மரத்துக்கும் வாத பித்த கபம் பார்க்கிற நூல். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலிருந்த சுவடியைக் கொண்டு 1996இல் அது ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. அத்தி இனத்து மரங்களின் பட்டை, நெய், தேன் என்று மரத்தின் புண்ணுக்குப் பூச்சு சொல்லும் மரபு அது.

நம்மவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தது 1786இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1791இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டக்காரர் வில்லியம் ஃபோர்சித் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பழமரம், காட்டுமரம் எதுவாக இருந்தாலும் அதன் நோயையும் காயத்தையும் ஆற்றும் கலவை தன்னிடம் இருக்கிறது என்றார். கலவையில் இருந்தது பசுஞ்சாணி, இடிந்த வீட்டுச் சுண்ணாம்புக் காரை, விறகுச் சாம்பல், கொஞ்சம் மணல். போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் தேவைப்பட்ட காலம். பொத்தல் விழுந்த ஓக்கைக்கூட இந்தக் கலவை தேற்றும் என்ற பேச்சில் மயங்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,500 பவுண்டு கொடுத்தது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் போன்ற தாவரவியலாளர்கள் இது வெறும் புளுகு என்று எழுதினார்கள். ஃபோர்சித்துக்குப் பிறகும் பூச்சு நிற்கவில்லை. தார் வந்தது, எண்ணெய்ச் சாயம் வந்தது, இருபதாம் நூற்றாண்டில் மரப்பொந்துகளைத் தோண்டிச் சுத்தம் செய்து சிமெண்ட் போட்டு அடைக்கும் வேலையே ஒரு தொழிலாக நடந்தது. பல் மருத்துவரை மரத்தடிக்கு அழைத்து வந்த மாதிரி.

அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோதான் உள்ளே என்ன நடக்கிறது என்று பிளந்து பார்த்தவர். அதுவரை ஆராய்ச்சியாளர்கள் மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆள் தூக்கிப் பிடிக்கக்கூடிய சங்கிலி ரம்பம் அவர் காலத்தில் வந்துவிட்டதால், ஷைகோ மரங்களை உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்தார், அதுவும் ஆயிரக்கணக்கில். 1977இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. மனிதத் தோலில் வெட்டு விழுந்தால் அந்த இடத்திலேயே புதுத் தசை பிறக்கும். மரத்தால் அது முடியாது. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்டதாகவே கடைசிவரை உள்ளே கிடக்கும். மரம் செய்வதெல்லாம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவதுதான். மேலும் கீழும் நீர் ஓடும் குழாய்களை அடைப்பது ஒரு சுவர். அதுதான் இருப்பதிலேயே பலவீனமானது, அதனால்தான் அழுகல் எப்போதும் நெடுக்காக ஓடுகிறது. உள்நோக்கி ஒரு சுவர், பக்கவாட்டில் ஒரு சுவர். நான்காவது, வெட்டுப்பட்ட பிறகு புதிதாக வளரும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே எழும்புவது. எல்லாவற்றிலும் உறுதியானது இது. மரம் எவ்வளவு பருத்தாலும் பழைய வெட்டு அன்று இருந்த அளவிலேயே உள்ளே அடைபட்டுக் கிடக்கும்.

தார் உட்பட வழக்கமான பூச்சுகளை ரெட் மேப்பிளிலும் அமெரிக்க எல்மிலும் தடவி ஐந்து ஆண்டுகள் கழித்துப் பிளந்து பார்த்தபோது, பூசியதற்கும் பூசாததற்கும் அழுகலில் வித்தியாசம் இல்லை. பூஞ்சையின் வித்துகள் காற்றிலேயே இருக்கின்றன. நாம் டப்பாவைத் திறப்பதற்குள் அவை அங்கே இறங்கியிருக்கும். பூச்சு வெடித்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். பூச்சை விட்டுவிட்டு வெட்டும் இடத்தைப் பாருங்கள் என்றார் ஷைகோ. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு வீக்கம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் சுவர் எழுப்பும் திசு தப்பும், தண்டோடு ஒட்ட வெட்டினால் அதையும் சேர்த்து வெட்டி எறிந்ததாக ஆகும்.

இதைப் படித்தபின் களிம்பு டப்பாவைக் குப்பையில் போட்ட போன்சாய்க்காரர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. ஷைகோ கேட்டது உள்ளே அழுகுமா என்று. தொட்டி மரம் வைத்திருப்பவர் கேட்பது அதுவல்ல. வெளியே வடு எப்போது மூடும், மூடியபின் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்பதுதான் அவர் கவலை. காட்டு மரத்தில் கையகலக் காயம் ஒரு பொருட்டே இல்லை. சுண்டுவிரல் பருமன் தண்டில் சுண்டுவிரல் நக அளவு வெட்டு என்பது பாதி தண்டு.

பினாங்கில் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையிலும் மொட்டைமாடியிலும் அடிக்கடி கண்ணில் படுவது வாட்டர் ஜாஸ்மின். ரைட்டியா ரிலிஜியோசா என்பது தாவரவியல் பெயர், நம் வெட்பாலையின் பேரினம். நீளமான மெல்லிய காம்பில் வெள்ளைப்பூ தலைகீழாகத் தொங்கும், சாயங்காலம் பக்கத்தில் போனால் மணம் வரும். அதன் கிளையை வெட்டியதும் வெள்ளைப் பால் கசியும். பாலைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தால் நடுவில் மங்கலான கட்டை, சுற்றிலும் பட்டை, இரண்டுக்கும் இடையில் பச்சையாக ஒரு மயிரிழை தெரியும். கட்டையையும் பட்டையையும் பிறப்பிப்பது கேம்பியம் எனப்படும் அந்த மயிரிழைதான். வெயிலும் காற்றும் பட்டால் முதலில் காய்வதும் அதுதான். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காய்ந்து பின்வாங்கினால், புதுப்பட்டை அங்கிருந்துதான் உருண்டு வர வேண்டும். காயம் நாம் வெட்டியதைவிடப் பெரிதாகிவிடும். களிம்பு செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் இந்த ஓரத்தை ஈரமாக வைத்திருப்பது. அழுகலை அது தடுக்காது, ஆனால் மூடுவதைச் சற்றுத் துரிதப்படுத்தும். அதற்கு ஆரஞ்சுப் பசைதான் வேண்டும் என்றில்லை, வாசலினும் அதைச் செய்யும்.

அப்படியானால் பூசிவிடலாமா என்றால், ஊரைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் குளிர்காலக் காற்று வறண்டு வீசும், மரம் மாதக்கணக்கில் தூங்கும். அங்கே வெட்டின ஓரம் வசந்தம்வரை காத்திருக்க வேண்டும், பசைக்கு அர்த்தம் உண்டு. பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. ஜனவரி, பிப்ரவரியை விட்டால் காற்றில் எப்போதும் ஈரம். வாட்டர் ஜாஸ்மின் இங்கே தூங்குவதே இல்லை, வெட்டிய சில வாரங்களில் ஓரம் தடித்து உள்நோக்கி நகர்வது கண்ணுக்கே தெரியும். இங்கே பசை தடவுவது வலது கை செய்வதை இடது கையும் செய்வது. அதிலும் மழை நாளில் தடவினால் பசைக்கும் கட்டைக்கும் நடுவே நீர் புகுந்து, ஒரு மாதம் கழித்துப் பிய்த்துப் பார்க்கும்போது உள்ளே கறுத்திருக்கும்.

மரத்துக்கு மரமும் மாறும். ஆல், இச்சி வகைகள் தாமே பால் கசிந்து அடைத்துக்கொள்ளும். பால் நிற்கும்வரை பசை ஒட்டவே ஒட்டாது. கடலோரப் பாறையில் விளையும் மெந்திகியின் கட்டை இரும்பு மாதிரி, செத்த கிளையே வருடக்கணக்கில் உளுக்காமல் நிற்கும். அதை வைத்திருப்பவர்கள் வெட்டை மூடப் பார்ப்பதில்லை, செதுக்கி வெள்ளைக் கட்டையாக வெளியே காட்டுவார்கள். காகிதப்பூ இதற்கு நேர் எதிர். அதன் கட்டை பஞ்சு, வெட்டைச் சரியாக மூடவும் தெரியாது. தடித்த கிளையை வெட்டி மழையில் விட்டால் குழியாகி, குழி தண்டுக்குள் இறங்கும். பூசியே ஆக வேண்டிய மரம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

இன்னொரு சங்கதி. பினாங்குச் சீனர்களின் முன்னோர் பெரும்பாலும் தென்சீனத்திலிருந்து வந்தவர்கள். குவாங்டோங் பக்கத்து லிங்னான் மரபில் கம்பி சுற்றி வளைப்பதைவிட வெட்டி வளர்ப்பதே பிரதானம். ஒரு கிளையை வளரவிட்டு நறுக்குவது, பக்கத்தில் வரும் துளிரை வளரவிட்டு அதையும் நறுக்குவது, அதன் துளிரை மறுபடி. ஒவ்வொரு நறுக்கிலும் கிளை திசை திரும்பும், பருமன் ஒரு படி குறையும். பத்து, இருபது வருடம் இப்படி நறுக்கிய மரத்தில் வெட்டுப்படாத இடம் என்று ஒரு விரலளவு கிடைக்காது. கைக்குக் கை மாறும்போது மட்டும் பழைய பெரிய வெட்டுகளுக்கு மேல் பட்டை நிறத்தில் பசையும் பாசியும் அப்பிவிடுகிற வழக்கம் ஆங்காங்கே உண்டு. வாங்குபவர் நகத்தால் சுரண்டிப் பார்ப்பது உத்தமம்.

என் அம்மா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கரும்புக் காடுகளாக இருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறிய தோட்டங்கள் அந்தப் பக்கம் நிறைய. நான் ஒரு வாட்டர் ஜாஸ்மின் வெட்டில் குச்சியால் பசை தடவுவதைப் பார்த்தபடி நின்றவர், "இதுக்கு எதுக்குய்யா மருந்து? கத்தி மொன்னையா இருக்குபோல" என்றார். வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "பிசிறு நிக்குது பாரு. இப்படி வெட்டுனா மண்டோர் வந்து மரத்துக்கிட்ட நிக்க வெச்சுடுவாரு" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர்.

உலகத்தில் எந்த மரத்தையும் தமிழர்கள் பால்மரத்தை வெட்டிய அளவுக்கு வெட்டியிருக்க மாட்டார்கள். 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன, அவற்றில் ஒன்பது பேராக்கில் கோலக் கங்சாருக்குப் போயின. பிரேசில் காடுகளில் சின்னக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து கட்டைவரை இறங்கும், மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி வேறொரு வழி கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அடுத்த முறை வேறு இடத்தில் கொத்தாமல் அதே கோட்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவினால், முதல் வெட்டைவிட இரண்டாம் வெட்டில் பால் அதிகம் வந்தது. காயம் பட்ட இடத்துக்கே மரம் பாலை அனுப்புகிறது என்பதுதான் மலாயா ரப்பர் தொழிலின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தின் மேல் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்குக் கட்டி, நாளுக்கு 400, 500 மரம் வெட்டியவர்கள் நம் ஆட்கள்.

அந்த வெட்டைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பால்குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் அடர்த்தி, கேம்பியத்தை நெருங்க நெருங்கப் பால் கூடும். கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயம். நடுவில் விட்டுவைக்க வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் விட்டால் பால் குறைகிறது என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி திட்டுவார், அதைவிடக் குறைந்தால் மரத்தைக் கெடுத்தாய் என்று திட்டுவார். அரையிருட்டில், ஈரப் பட்டையில், மரவரிசையான நெரை முழுக்க ஓட்டமாக ஓடி, ஒவ்வொரு மரத்திலும் அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுச் சீவ வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கத்தி சொல்லும். உள்ளே போகப்போக சத்தம் மாறும்." சரியாகச் சீவிய பட்டை ஏழெட்டு வருடத்தில் திரும்ப வளர்ந்து, அதையே மறுபடி வெட்டலாம். காயம்பட்ட இடத்தில் மேடும் பள்ளமுமாக வரும், அங்கே கத்தி ஓடாது. ஒரு மரத்தைப் பார்த்தாலே எத்தனை வருடத்துக்கு முன் எவர் கைபட்டது என்று சொல்ல முடிந்தவர்கள் தோட்டத்தில் இருந்தார்கள்.

வெட்டிய இடத்தில் களிம்பு? மழைக்காலத்தில் பட்டையில் பூஞ்சை பிடித்தால் மருந்து பூசுவது உண்டு, மற்ற நாளில் கிடையாது. வழிந்த பால் தானே உறைந்து வெட்டை அடைக்கும். மறுமுறை வரும்போது அந்த ஒட்டுப்பாலை இழுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, புதிதாகச் சீவ வேண்டியதுதான். ஆனால் 1960களின் இறுதியில் வேறொரு பூச்சு வந்தது. எத்திஃபோன். வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டித் தூரிகையால் தடவுவார்கள். அது எத்திலீன் வாயுவை வெளிவிட்டு, பால்குழாய் அடைபடுவதைத் தாமதப்படுத்தும். பால் கூடுதல் நேரம் ஓடும். காயம் சீக்கிரம் மூடாமல் இருக்கப் பூசிய மருந்து அது. அளவு மீறினால் மரம் பால் வற்றிப் பட்டை வெறும் பட்டையாகிவிடும். மரம் கிழடாகி மறுநடவு வந்தபோது மூன்றாவது பூச்சு. 2,4,5-டி என்ற களைக்கொல்லியை டீசலில் கலந்து அடிமரத்தைச் சுற்றித் தடவுவார்கள், மரம் நின்ற நிலையிலேயே சாகும். வியட்நாமில் கொட்டப்பட்ட ஏஜெண்ட் ஆரஞ்சில் சரிபாதி இந்த ரசாயனம். தோட்டங்களில் இவற்றைச் சுமந்து தடவிய கைகளுக்கு எந்தப் பூச்சும் தரப்படவில்லை.

காக்கவும், ஒழுகவைக்கவும், கொல்லவும் ஒரே மாதிரி வாளி, ஒரே மாதிரி தூரிகை. தடவிய பிறகு தள்ளி நின்று பார்த்தால் மூன்றுமே சிகிச்சை மாதிரித்தான் இருக்கும். அதனால்தான் போன்சாய்க்காரர்களின் களிம்புச் சண்டையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. வெட்டி முடித்தபின் என்ன தடவுவது என்பதிலேயே இரண்டு கட்சியும் நிற்கிறது. அம்மா மாதிரி ஆட்களுக்குக் கவனமெல்லாம் வெட்டுக்கு முன்னால். கத்தியை எந்தக் கல்லில் எத்தனை பக்கம் தீட்டுவது, எந்தச் சாய்வில் இழுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது. ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து சொன்னதும் ஏறக்குறைய இதுவே. மரம் தன் சுவரைத் தானே எழுப்பிக்கொள்ளும், எழுப்பும் இடத்தை நாம் வெட்டி எறியாமல் இருந்தால் சரி.

இப்போது நான் செய்வது: குழிவாக வெட்டும் இடுக்கியால் கிளையை வாங்கிய பிறகு, ஒட்டுக்கட்டும் கத்தியால் ஓரத்தை ஒரு சுற்று வழித்துவிடுகிறேன். பிசிறு போய்ப் பச்சைக்கோடு சுத்தமாகத் தெரியும்வரை. நடுக்கட்டை சற்றுக் குழிவாக இருந்தால் பட்டை உருண்டு வரும்போது மேடு தட்டாது. மழை பிடித்துக்கொண்டிருந்தால் அன்று பெரிய வெட்டு கிடையாது. வாட்டர் ஜாஸ்மினுக்கும் ஆலுக்கும் பசை இல்லை. ஜனவரி வெயிலில் தவிர்க்க முடியாமல் வெட்டினால் ஓரத்துக்கு மட்டும் ஒரு கோடு வாசலின். நண்பர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் மரங்களும் நன்றாகத்தான் இருக்கின்றன, காரணம் அவர்கள் பசையா அவர்கள் கத்தியா என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

காகிதப்பூ மட்டும் இன்னும் என்னைப் படுத்துகிறது. கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது மூடாது. வெட்டைக் காயவிட்டு, இளகிய கட்டையைச் சுரண்டி எடுத்து, மரம் கெட்டிப்படுத்தும் திரவத்தை இரண்டு மூன்று தடவை ஊற்ற வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் அதையும் காட்டினேன். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது மரமாய்யா? வேலிக்கு வெக்கிற செடி. இதுக்கு நீ என்ன வேணாப் பூசிக்கோ" என்றார்.